யுலிஸா என்று எழுதிய சுவிட்ச்

"தலைமாட்டை வாசல் பக்கம் திருப்பி வைங்க," என்றாள் மில்கேயா.

பெட்டியைத் தூக்கி வந்த நான்கு பேரும் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றார்கள். காலை ஒன்பது மணி வெயில் அவர்களோடு சேர்ந்து உள்ளே வந்திருந்தது. முன்னால் பிடித்திருந்தவன் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் எர்சீலியாவைப் பார்த்தான். எர்சீலியா இறந்தவனின் அக்கா; மில்கேயா அவன் மனைவி. அந்தத் தீவின் சின்ன ஊரான மோகாவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஜெபமாலை சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னடி பேசுற? கால்தான் வாசலைப் பார்க்கணும். போறவன் காலை முன்னால வெச்சுத்தான் போவான். எந்த ஊர்ல இல்லாத வழக்கம் இது?"

"இருக்கட்டும் அக்கா. திருப்பட்டும்."

"எதுக்குன்னு சொல்லு."

மில்கேயா பெட்டியின் விளிம்பைத் தானே பிடித்துத் தள்ளப் போனாள். அப்போது கூரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அத்தை, நான்தான் கேட்டேன். நீங்க சொல்ற மாதிரி வெச்சா எனக்கு அப்பாவோட உச்சந்தலை மட்டும்தான் தெரியும்."

முன்னால் பிடித்திருந்தவன் சட்டென்று ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். பெட்டி சாய்ந்தது. மற்ற மூவரும் அவனை ஏசிக்கொண்டே நிமிர்த்தி, மில்கேயா காட்டிய பக்கமாகவே இறக்கினார்கள்.

"ஐயோ, சாவு வீட்டையும் டெலிவிஷன்ல போட்டுட்டாங்க," என்று எர்சீலியா கைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறைக் கதவுக்கு மேலே கோழிமுட்டை அளவில் ஒரு கேமரா இருந்தது. அதற்குப் பக்கத்தில், கூரைப் பலகையை வட்டமாக வெட்டிப் பதித்த ஸ்பீக்கர். இரண்டையும் மாட்டியது இப்போது பெட்டிக்குள் கிடந்த எலிசேயோ. பேசியது அவர் மகள் யுலிஸா. பதினோரு வருடமாக நியூயார்க்கில், பிராங்ஸில் இருக்கிறாள். சுற்றுலா விசாவில் போய், அது முடிந்தபின்னும் தங்கிவிட்டவள். அங்கே பிறந்த ஆறு வயதுப் பையன் இருக்கிறான். விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் அப்பாவின் பக்கத்தில் வந்து நிற்கலாம். அப்புறம் பிள்ளையிடம் திரும்பிப் போக முடியாது. நேற்று சாயங்காலம் அவள், "வந்துடட்டுமா அம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "வராதே," என்று சொன்னது மில்கேயாதான். சொல்லிவிட்டு, கழுவிய கோப்பையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

எலிசேயோ முப்பது வருடம் மோகாவுக்கும் பக்கத்து நகரமான சந்தியாகோவுக்கும் நடுவே பஸ் ஓட்டினார். மற்ற ஓட்டுநர்கள் ஓய்வு நாளில் டொமினோ ஆடப் போவார்கள். இவர் ஒயரும் ஸ்க்ரூ டிரைவருமாக வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். யாரோ தூக்கிப் போட்ட ரேடியோவைப் பிரித்து அதன் ஸ்பீக்கரைக் குளியலறையில் மாட்டுவார். மொட்டைமாடியில் ஆன்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டு, "இப்ப தெளிவா இருக்கா?" என்று கத்துவார். இல்லை என்று மில்கேயா கீழேயிருந்து கத்துவாள். பேஸ்பால் ஆட்டங்கள், நாடகத் தொடர்கள், யுலிஸாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து என்று கண்டதையெல்லாம் கேசட்டில் பதிந்து, பிறகு கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினார். மகள் போனபிறகு அந்தக் கம்ப்யூட்டர் அவள் அறையில், அவளுடைய கண்ணாடி மேஜை மேல் ஏறியது. ஒரு வருடத்துக்குள் அந்த அறையில் படுக்க இடமில்லை.

கேமராக்கள் அப்புறம் வந்தவை. கூடத்தில் ஒன்று, முன் தாழ்வாரத்தில் ஒன்று, கேட்டில் ஒன்று. அறைக்கு அறை ஸ்பீக்கர். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு யுலிஸா எழுந்து, வேலைக்குக் கிளம்புமுன் வீட்டுக்குள் 'வருவாள்'. ராத்திரியெல்லாம் ஆபீஸ்களைத் துடைக்கும் வேலை அவளுக்கு. அப்பாவும் மகளும் ஒரே தொடரை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவர் ஆடுநாற்காலியிலும் அவள் கூரையிலுமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"இவன் திரும்பி வருவான் பாரு," என்பார் எலிசேயோ.

"வரமாட்டான். சம்பளம் ஏத்திக் கேட்டான்னு அந்த நடிகனைத் தூக்கிட்டாங்கப்பா," என்று கூரை சொல்லும்.

இருவரும் சிரிப்பார்கள். மில்கேயா சமையலறையில் வாழைக்காய் உரித்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் கேட்பாள். அவளுக்குத் தொடர் பிடிக்காது. ஒயர் பேச்சும் புரியாது. உள்ளே போய், "காபி வேணுமா?" என்று கேட்பாள். "எனக்கும் ஒரு கப்," என்று யுலிஸா சொல்வாள். அது வேடிக்கைதான். ஆனால் ஒருநாள் மில்கேயா நிஜமாகவே இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எலிசேயோ இரண்டையும் குடித்தார்.

சமையலறையிலும் ஒரு கேமரா இருந்தது. நான்கு வருடம் முன்பு மில்கேயா அதைக் கழற்றச் சொன்னாள்.

"ஏன், மக பார்த்தா என்ன?" என்று கேட்டார் எலிசேயோ.

"அவளுக்கு நான் தெரியறேன். எனக்கு அவ தெரியலையே."

எலிசேயோ ஏணியில் நின்றபடி அவளைப் பார்த்தார். பிறகு திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனில் முகம் பார்த்துப் பேசலாம்தான். யுலிஸா ரயிலில் இருப்பாள், படியில் ஏறிக்கொண்டிருப்பாள், பாதி முகமும் ஓடும் விளக்குகளுமாகத் தெரிவாள். "அப்புறம் கூப்பிடறேன்மா," என்று முடிந்துவிடும்.

நேற்றும் மூன்று மணிக்குத்தான் அது நடந்தது. மில்கேயா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஸ்பீக்கர் கிடையாது. க்ளிப் போதவில்லை என்று உள்ளே வந்தபோது வீடு முழுவதும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூடம், படுக்கையறை, குளியலறை, எல்லா அறையிலிருந்தும் ஒரே குரல். "அம்மா, அப்பாவைப் போய்ப் பாரு. அம்மா, அப்பாவைப் போய்ப் பாரு." தொண்டை கட்டிப் போயிருந்தது. எலிசேயோ ஆடுநாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டாள் என்று மில்கேயா கேட்கவில்லை. யுலிஸாவும் சொல்லவில்லை.

அப்போதிருந்து யுலிஸா இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. வேலைக்குப் போகவில்லை. "போன் வேண்டாம்மா. ஒவ்வொருத்தரா முகத்தை நீட்டி எனக்கு ஆறுதல் சொல்வாங்க. நான் சும்மா ஒரு மூலையில இருக்கேன்," என்று சொல்லியிருந்தாள்.

பத்து மணிக்கு மேல் கரண்ட் போயிற்று. உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். மின்விசிறிகள் ஒரு கணம் தயங்கி மறுபடி சுற்றின. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மோகாவில் கரண்ட் போவதும் எலிசேயோ வீட்டில் மட்டும் போகாததும் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் தெருவுக்கு எதிரே எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஃபௌஸ்தோ முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான். எலிசேயோவின் ஒயர் வேலையில் கூட்டாளி அவன். ஏணியைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை, திட்டு வாங்குவதும்.

"அண்ணி, கொஞ்சம் பின்னால வாங்க."

துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டரும் நான்கு பேட்டரிகளும் இருந்தன. ஃபௌஸ்தோ குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"இதுல ரெண்டு செத்துப்போச்சு. அடுத்த மாசம் மாத்தலாம்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தார். இப்ப கரண்ட் நம்ம தெருவுக்கு மட்டும் போகல. தீவு பூரா போயிருக்குன்னு ரேடியோல சொல்றான். போன் டவரும் படுத்துருச்சு. நெட் ஒயர்ல வர்றதால அது மட்டும் ஓடுது. எல்லாத்தையும் ஓடவிட்டா இது ஒரு மணி நேரம் தாங்காது."

"எடுக்கிறது மூணு மணிக்கு."

"அதான் சொல்றேன்."

சுவரில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பிளாஸ்திரித் துண்டில் எலிசேயோவின் சாய்ந்த கையெழுத்து. கூடம் விசிறி. தாழ்வாரம். ஃப்ரிட்ஜ். சமையலறை. கடைசிச் சுவிட்சின் கீழ் 'யுலிஸா' என்றிருந்தது.

"அது அவ ரூமுக்கா?"

"ரூம் இல்ல அண்ணி. நெட் பெட்டி, கேமரா, ஸ்பீக்கர். அதுக்கு அண்ணன் வெச்ச பேரே அதுதான். 'யுலிஸா சூடாவுது, யுலிஸாவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு'ம்பார்."

மில்கேயா அந்தப் பிளாஸ்திரியின் கிழிந்த ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். இந்தச் சுவரின் முன் அவள் ஆயிரம் தடவை துணி துவைத்திருக்கிறாள். ஒரு தடவையும் படித்ததில்லை.

"ஃப்ரிட்ஜ்ல நாப்பது பேருக்குக் கறி இருக்கு," என்றாள்.

"ஆமா."

"இது மட்டும் இருந்தா மூணு வரைக்கும் தாங்குமா?"

ஃபௌஸ்தோ தலையைச் சொறிந்தான். "தாங்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் இடதுபக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுவிட்சாகக் கீழே தள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளே விசிறிகள் நின்றதும் பேச்சுக் குரல்கள் திடீரென்று உரத்துக் கேட்டன. ஃப்ரிட்ஜ் ஒரு உதறலோடு அடங்கியது. கடைசிச் சுவிட்சில் மட்டும் அவள் கை வைக்கவில்லை.

பதினொன்றரைக்குள் கூடம் அடுப்பாகிவிட்டது. ஆண்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் அட்டையாலும் கைத்துணியாலும் விசிறிக்கொண்டார்கள். மெழுகுவர்த்திகள் வளைய ஆரம்பித்தன. எர்சீலியாவின் கழுத்தில் வியர்வை ஓடையாக வழிந்தது. நெட் பெட்டியின் பச்சை விளக்குகள் மினுக்குவதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அந்தப் பெட்டிக்கு மட்டும் கரண்ட் எங்கேர்ந்து வருது?"

"பேட்டரிலேர்ந்து," என்றாள் மில்கேயா.

"அப்ப விசிறியைப் போட வேண்டியதுதானே? என் தம்பி வேர்த்துக் கிடக்கிறான். கிழவிங்க நாங்க மயங்கி விழுந்தா, இன்னொரு பெட்டி சொல்லிவிடலாம்னு பார்க்கிறியா?"

"விசிறி போட்டா யுலிஸா போயிடுவா."

விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றன. எர்சீலியா கேமராவை அண்ணாந்து பார்த்தாள். காலையில் அந்தக் குரல் வந்ததோடு சரி, அதன்பிறகு அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"இப்பவும் பார்த்துட்டா இருக்கா?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

"தூங்கல?"

"தெரியல அக்கா."

எர்சீலியா எழுந்தாள். முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பெட்டியின் தலைப்பக்கம் போனாள். பூவளையம் ஒன்று எலிசேயோவின் கன்னத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கால்பக்கம் வைத்தாள். தம்பியின் காலரை நீவிவிட்டாள். நெற்றி முடியை விரல்களால் ஒதுக்கினாள். பிறகு ஓரமாக நகர்ந்து நின்று, தான் மறைக்கிறோமா என்று ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டாள்.

"ஏ பொண்ணே, கேட்குதா?"

ஒரு மூச்சு நேரம் கழித்து, "கேட்குது அத்தை," என்று வந்தது.

"சும்மா பார்த்துக்கிட்டு இருக்காத. நான் மன்றாட்டுச் சொல்லப் போறேன். எல்லாரோடயும் சேர்ந்து பதில் சொல்லு. வாய் இருக்கில்ல?"

"இருக்கு."

எர்சீலியா ஆரம்பித்தாள். புனிதர்களின் பெயர்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, பெண்கள் அத்தனை பேரும், "இவருக்காக வேண்டிக்கொள்ளும்," என்றார்கள். அவர்கள் முடித்து வாயை மூடியபிறகு கூரையிலிருந்து தனியாக ஒரு குரல், "இவருக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது. கடல் தாண்டி வர வேண்டியிருந்ததால் எப்போதும் அந்த ஒரு மூச்சு தாமதம். முதல் இரண்டு மூன்று தடவை அது எர்சீலியாவின் அடுத்த பெயரோடு மோதிக் குழம்பியது. நான்காவது பெயருக்கு அவள் நிறுத்தினாள். பெண்கள் சொல்லி முடித்தபின் அவள் காத்திருந்தாள். கூரை சொல்லியது. அப்புறம்தான் அடுத்த பெயருக்குப் போனாள். யாரும் யாருக்கும் சொல்லாமலே எல்லோரும் அந்த இடைவெளிக்குப் பழகிவிட்டார்கள். அட்டைகள்கூட அந்த நேரத்தில் அசையவில்லை. வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடிகிற மன்றாட்டு அன்றைக்கு அரைமணி ஆயிற்று.

மில்கேயா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் வருவதற்கு முந்தைய இடைவெளியில் அவள் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள். வந்ததும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மகள் குரலை இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள். மன்றாட்டு முடிந்துவிடக் கூடாது என்றிருந்தது.

இரண்டே காலுக்குப் பின்கட்டிலிருந்து பீப் சத்தம் வந்தது. ஃபௌஸ்தோ பின்வாசற்படியில் நின்று அவளைக் கண்ணால் கூப்பிட்டான்.

"இறங்கிடுச்சு அண்ணி. இன்னும் அரைமணி தாங்கினா அதிசயம்."

"கரண்ட் வராதா?"

"சாயங்காலத்துக்கு முன்னால வராதுங்கறான்." அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "ஒண்ணு பண்ணலாம். ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர், பழசு, நிறைய இழுக்கும். அதைப் பிடுங்கிட்டா கேமரா மட்டும் ஓடும். எடுக்கிற வரைக்கும் அவ பார்க்கலாம். ஆனா அவ பேசறது நமக்குக் கேட்காது."

மில்கேயா ஈரத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீப் சத்தம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் மகளின் அறைக்குள் போனாள். கம்ப்யூட்டருக்கு அடியில் சூடாக இருந்த கறுப்புப் பெட்டியை ஃபௌஸ்தோ காட்டினான். கட்டில் இருந்த இடத்தில் ஒயர்க்கட்டுகள் கிடந்தன. கூரையில் ஸ்பீக்கர். இந்த அறையில் கேமரா இல்லை.

"யுலிஸா," என்று உரக்கக் கூப்பிட்டாள்.

கூடத்துக் கேமரா அதைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு மூச்சு கழித்து, "சொல்லும்மா."

"பேட்டரி தீருது. ஸ்பீக்கரை எடுக்கப் போறேன். நீ பார்க்கலாம். பேசினா எங்களுக்குக் கேட்காது."



"சரிம்மா."

"ஏதாவது சொல்லணுமா?"

"நீ காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல. ஒரு தடவைகூட உன்னைக் கையில தட்டோட பார்க்கலை."

"சாப்பிடறேன்."

"அம்மா..."

மில்கேயா காத்திருந்தாள். அங்கே மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னணியில் ஒரு சின்னக் குரல் இங்கிலீஷில் என்னவோ கேட்டது. யுலிஸா அதற்குத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல. எடுத்துடு," என்றாள் பிறகு.

ஃபௌஸ்தோ கை நீட்டினான். மில்கேயா அவன் கையை விலக்கிவிட்டுத் தானே குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். இத்தனை வருடமாக வீட்டுக்குள் மெல்லிசாக ஓர் இரைச்சல் இருந்திருக்கிறது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். மூடுமுன் எர்சீலியா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, கேமராவுக்கும் பெட்டிக்கும் நடுவே யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். காலையில் சிலுவை போட்ட அதே ஆள்தான் முன்பக்கம் பிடித்தான். கூடத்தில் பெட்டியைச் சுற்றித் திருப்பியபோது, "மெதுவா, மெதுவா. அந்தப் பொண்ணு பார்க்குது," என்று மற்றவர்களிடம் சொன்னான். கூடம், தாழ்வாரம், கேட். யாரும் கேட்காமலே தூக்கியவர்கள் ஒவ்வொரு கேமராவின் கீழும் ஒரு கணம் நின்று நின்று போனார்கள்.

கேட்டுக் கேமரா தெருவை மூலைவரைக்கும் காட்டும். மூலைப் பலசரக்குக் கடையைத் தாண்டினால் கல்லறைக்குப் போகும் பாதை. ஃபௌஸ்தோ கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

"ஏறுங்க அண்ணி."

"நீங்க போங்க."

"என்ன சொல்றீங்க?"

"நான் வீட்டுல இருக்கேன்."

எர்சீலியா காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மில்கேயாவின் முகத்தையும் கேட்டின் மேலிருந்த கேமராவையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"வண்டியை எடுப்பா," என்றாள் ஃபௌஸ்தோவிடம்.

கூட்டம் மூலை திரும்பியது. மணிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. தெருவில் ஆண்கள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கண்டபடி கிடந்தன. கேமராவின் அடியில் ஊசிமுனை போல ஒரு சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது.

மில்கேயா ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தாள். அந்தக் கேமராவை மாட்டிய அன்று எலிசேயோ அவளைச் சமையலின் நடுவே இழுத்து வந்து நிறுத்தியிருந்தார். "இன்னும் ஒரு அடி பின்னால. இல்ல, இடது பக்கம். அங்கதான், அசையாத. கால்லேர்ந்து தலை வரைக்கும் முழுசா விழறே." கையில் மாவோடு அவள் முணுமுணுத்துக்கொண்டே நின்ற இடம் நடைபாதையின் விரிசலுக்கு இந்தப் பக்கம். அங்கே நாற்காலியைப் போட்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்தாள். தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். முடியை இரண்டு கையாலும் பின்னால் ஒதுக்கினாள். முன்பக்கம் முழுக்க நரைத்திருந்தது.

பக்கத்து வீட்டு அவகாடோ மரத்தின் நிழல் முதலில் அவள் தோளைவிட்டும் பிறகு முழங்காலைவிட்டும் நகர்ந்து போயிற்று. மூன்றரை மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது. மில்கேயா கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர, நாற்காலியை நகர்த்தவில்லை.